மலைப் பிள்ளைகளும் முக்கோண மலையும்: தொடக்கப் பள்ளி ஓவிய வகுப்பு பற்றிய விவாத இழை

கேள்வி (கோத்தகிரிப் பக்கத்து ஆசிரியை ஒருவர்), 10 ஜூன் 2024

நான் ஈராசிரியர் பள்ளி ஒன்றில் பணியாற்றுகிறேன். மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைத்து வெள்ளிக்கிழமை பிற்பகலில் ஓவியம் வரையச் சொல்கிறேன். ‘நம் ஊரை வரையுங்கள்’ என்றால் அத்தனை பேரும் இரண்டு முக்கோண மலைகளையும், நடுவில் பாதிச் சூரியனையும், வளைந்து வரும் ஓர் ஆற்றையும், ஒரு கூரை வீட்டையும், ஒரு தென்னை மரத்தையும் வரைகிறார்கள். சன்னலைத் திறந்தால் எதிரே மலை நிற்கிறது. ஒருவரும் அதைப் பார்ப்பதில்லை. இவர்களுக்குக் கற்பனை இல்லை என்றே நினைக்கிறேன். ஓவிய ஆசிரியர் இல்லாத பள்ளியில் இதை எப்படி மாற்றுவது?

11 ஜூன் 2024

பதில் (இதுவும் கீழே வருபவையும் ஒரே ஆசிரியர் எழுதியவை): டீச்சர், கற்பனை இல்லை என்ற முடிவுக்கு அவசரப்பட்டு வர வேண்டாம். நீங்கள் சொல்லும் அதே காட்சியைத் திருவாரூரிலும் நாகப்பட்டினத்திலும் மலையையே பார்த்திராத பிள்ளைகள் கோடு மாறாமல் வரைகிறார்கள். ஆகவே அது எந்த மலையையும் பார்த்து வந்த படமன்று. அக்காவின் நோட்டிலிருந்து தம்பிக்கும், தம்பியிடமிருந்து பக்கத்து இருக்கைக்கும் கைமாறி வரும் படம். பிள்ளைகள் உலகத்தைப் பார்த்து வரைவதைவிடப் பிற படங்களைப் பார்த்தே மிகுதியாக வரையக் கற்கிறார்கள் என்று 1970களில் அமெரிக்கக் கலைக்கல்வியாளர்களான பிரென்ட் வில்சனும் மார்ஜரி வில்சனும் வாதிட்டார்கள். அதற்கு முன்பு, வியன்னாவில் ஃபிரான்ஸ் சிசெக் 1897இல் குழந்தைகளுக்கான ஓவிய வகுப்பைத் தொடங்கிய காலத்திலிருந்து, குழந்தையின் கலை தானாகவே மலரும், பெரியவர்கள் குறுக்கே வராமல் இருந்தால் போதும் என்ற எண்ணமே ஓங்கியிருந்தது. என் வகுப்பறை அனுபவம் என்னை வில்சன்களின் பக்கமே நிறுத்துகிறது. முக்கோண மலையைப் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள் என்றால், வேறொன்றையும் கற்றுக்கொள்ள முடியும்.

தடை போடாதீர்கள். ‘முக்கோணம் வரையக் கூடாது’ என்று சொன்னால் பிள்ளைகள் அரைவட்டம் வரைவார்கள். அதுவும் பார்த்து வரைந்ததாக இருக்காது. மாற்ற வேண்டியது உங்கள் கேள்வியை. ‘நம் ஊர்’, ‘இயற்கைக் காட்சி’ என்ற தலைப்புகளுக்குப் பிள்ளைகளிடம் விடை தயாராக இருக்கிறது. விடை தயாராக இல்லாத கேள்வியைக் கேட்க வேண்டும்.

11 ஜூன் 2024, இரவு

தென்னை மரத்தைப் பற்றி ஒரு சொல். கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; அந்தக் குளிரில் தென்னை தழைப்பதில்லை. இதை ஒரு மாணவனிடம் விளக்கியபோது, ‘எங்கள் வீட்டுச் சட்னியில் தேங்காய் இருக்கிறதே’ என்று அவன் பதில் சொன்னான். மேட்டுப்பாளையத்திலிருந்து லாரியில் வருகிறது என்றேன். அடுத்த படத்தில் தென்னை மரம் போய், தேங்காய் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று வளைவில் ஏறிக்கொண்டிருந்தது. மலை மட்டும் அப்படியே முக்கோணமாக இருந்தது.

14 ஜூன் 2024

‘விடை தயாராக இல்லாத கேள்வி என்றால் என்ன, எடுத்துக்காட்டுத் தாருங்கள்’ என்று இருவர் கேட்டிருக்கிறார்கள்.

பிள்ளையின் உடம்பு அறிந்த ஒன்றைக் கேளுங்கள். தேயிலைக் கொழுந்து எடை போடும் இடத்தில் அம்மா வரிசையில் நிற்கிறார், மழை பெய்கிறது, நீ எங்கே நிற்கிறாய்? பேருந்துக்காகக் காத்திருக்கும்போது மூடுபனியில் முதலில் எது தெரிகிறது, விளக்கா, வண்டியா? வீட்டுக்குப் பின்னால் காட்டெருமை வந்தபோது யார் எங்கே ஒளிந்தார்கள்? இப்படிக் கேட்டால் முக்கோணத்தை எடுத்து வைக்க இடமே இருக்காது.

காட்டெருமை மிக நல்ல பொருள். மற்ற மாடுகளைப் பாடநூல் படத்தைப் பார்த்து வரையும் பிள்ளைகள் இதை மட்டும் நினைவிலிருந்தே வரைகிறார்கள். கரும்பழுப்பு உடம்பு, முதுகில் எழும்பிய மேடு, முழங்காலுக்குக் கீழே வெள்ளை. ‘அந்த வெள்ளை முழங்கால்வரை இருக்குமா, அதற்கு மேலேயும் ஏறுமா?’ என்று கேட்டுவிட்டுச் சற்று ஒதுங்கி நில்லுங்கள். வகுப்பே இரண்டு கட்சியாகப் பிரியும். அந்தச் சண்டைதான் அன்றைய பாடம். இரண்டாம் வகுப்புப் பிள்ளை பேருந்தைவிடப் பெரிதாகக் காட்டெருமையை வரைந்தால் திருத்த வேண்டாம். அந்த வயதில் அளவு என்பது அச்சத்தின் அளவாகவும் அன்பின் அளவாகவும் இருக்கிறது. ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் உருவங்களைத் தாளில் விருப்பப்படியே சிதற விடுவதையும், ஏழிலிருந்து ஒன்பதுக்குள் தரைக்கோடு ஒன்றை வரைந்து எல்லாவற்றையும் அதன்மேல் நிறுத்துவதையும் கலைக்கல்வியாளர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1947இலேயே வகைப்படுத்தி எழுதியிருக்கிறார். வயதுக்கணக்கை இறுக்கமாகப் பிடிக்க வேண்டியதில்லை. எந்தப் பிள்ளையிடம் எதை எதிர்பார்க்கக் கூடாது என்று அறிய அது உதவும்.

19 ஜூன் 2024

நீலகிரி மலை இரயிலைப் பற்றிக் குன்னூர் நண்பர் எழுதியது மிகப் பொருத்தமானது. குன்னூரிலேயே வாழும் பிள்ளைகள்கூட இரயில் என்றால் முன்னால் புகைவண்டி இயந்திரத்தையும் பின்னால் பெட்டிகளையும் வரைகிறார்கள், ஆனால் இங்கே நீராவி இயந்திரம் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டல்லவா வருகிறது என்று அவர் வருந்துகிறார். பாடநூல் இரயில் கண்ணெதிரே ஓடும் இரயிலை மறைத்துவிடுகிறது என்பது உண்மை.

ஆயினும் அந்தப் பிள்ளைகளுக்கு மதிப்பெண்ணைக் குறைக்கும் முன் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: ‘உன் இரயில் ஏறுகிறதா, இறங்குகிறதா?’ பற்சக்கரப் பாதையில் இயந்திரம் எப்போதும் பள்ளத்துப் பக்கமே இருக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது அது பின்னால் நின்று தள்ளும். குன்னூரிலிருந்து இறங்கும்போது அதே இயந்திரம் முன்னால் நின்று பெட்டிகளைத் தாங்கிப் பிடிக்கும். இறங்கும் இரயிலை வரைந்த பிள்ளை சரியாகவே வரைந்திருக்கிறது.

இதையே ஒரு திட்டப்பணியாக்கலாம். நீளவாக்கில் வெட்டிய சார்ட் தாளில் பாதையை முதலில் சாய்வாக வரையச் செய்து, பிறகு இயந்திரம் எந்தப் பக்கம் என்று ஒவ்வொரு குழுவும் முடிவு செய்யட்டும். தட்டையான தண்டவாளத்தில் இந்தக் கேள்வியே எழாது. சாய்வு வந்த உடனே எழும்.

27 ஜூன் 2024

சாய்வு என்று எழுதியதிலிருந்து பலர் ஒரே ஐயத்தைக் கேட்கிறார்கள். மலைச்சரிவில் மரம் வரையும்போது பிள்ளைகள் மரத்தை ஏன் சாய்த்து வரைகிறார்கள்?

கவனித்துப் பார்த்தால் அது வெறும் சாய்வன்று. சரிவுக் கோட்டுக்குச் சரியாகச் செங்குத்தாக மரம் நிற்கும். இடப்பக்கச் சரிவில் இடப்புறமும் வலப்பக்கச் சரிவில் வலப்புறமும் சாய்ந்திருக்கும். வீட்டுக் கூரையில் புகைப்போக்கியும் அப்படியே கூரைக்குச் செங்குத்தாக நீட்டிக்கொண்டு நிற்கும். குழந்தை உளவியலாளர்களான ஜான் பியாஜேயும் பார்பெல் இன்ஹெல்டரும் 1948இல் வெளியிட்ட ஆய்வில் இதை விரிவாக விளக்கியிருக்கிறார்கள். மலையின் மேல் மரமோ கம்பமோ வரையச் சொன்னால், சிறு பிள்ளை அதை, அது தொட்டுக்கொண்டிருக்கும் கோட்டோடு மட்டுமே பொருத்திப் பார்க்கிறது. தாளுக்கு வெளியே உள்ள உலகத்தின் நேர்க்குத்தான திசையோடு பொருத்திப் பார்க்கும் திறன் ஏறத்தாழ ஒன்பது வயதை ஒட்டித்தான் உறுதிப்படுகிறது.

சரிவிலேயே பிறந்து சரிவிலேயே ஓடி விளையாடும் நம் பிள்ளைகள் இதில் முந்திக்கொள்வார்கள் என்று எதிர்பார்ப்பது இயல்பு. என் வகுப்புகளில் அப்படி நடக்கவில்லை. தேயிலைத் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்கள் நேர்க்குத்தாக நிற்பதை நாள்தோறும் பார்த்தபடி நடந்து வரும் பிள்ளையும், தாளில் அவற்றை மயிர்க்கூச்சம்போல் நாலாபக்கமும் நீட்டித்தான் வரைகிறது. பார்ப்பது வேறு, தாளில் ஒரு திசையைப் பிடித்து வைத்துக்கொள்வது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

ஒன்று, இரண்டாம் வகுப்பில் இதைத் தொடவே கூடாது. நான்காம் வகுப்பில் கொத்தனார் பயன்படுத்தும் தூக்குக்குண்டை ஒருநாள் வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். கிடைக்காவிட்டால் நூலில் கட்டிய கல் போதும். சன்னல் சட்டத்தில் அதைத் தொங்கவிட்டு, நூலையும் தொலைவிலுள்ள மரத்தண்டையும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நூலும் தண்டும் ஒன்றோடொன்று பொருந்துவதைக் கண்ட பிள்ளை அதை எல்லோருக்கும் கூவிச் சொல்லும். பிறகு தாளின் ஓரத்தையே நூலாக வைத்துக்கொண்டு வரையலாம். சிலர் அடுத்த வாரமே பழைய முறைக்குத் திரும்புவார்கள், திரும்பட்டும். ஒருவனுடைய படத்தில் மரங்கள் நேராகவும் மனிதர்கள் சாய்வாகவும் நின்றார்கள். ‘மரத்துக்குத்தானே நூல் பிடித்தோம்’ என்றான்.

9 ஜூலை 2024

மழை தொடங்கிவிட்டதால் வண்ணம் காயவில்லை என்ற புகார்கள் வரத் தொடங்கியிருக்கின்றன. சமவெளியில் அச்சான கையேட்டை வைத்துக்கொண்டு ஜூலையில் உதகையிலோ கூடலூரிலோ போஸ்டர் கலர் திட்டப்பணி செய்ய முடியாது. மாலைவரை ஈரம் போகாது. அடுக்கி வைத்த தாள்கள் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது இரண்டு பிள்ளைகளின் படமும் கிழியும். மழைக்காலத்துக்கு மெழுகு வண்ணக்குச்சி, கரி, காகித ஒட்டு ஆகியவற்றை வைத்துக்கொண்டு, தூரிகை வேலைகளை ஜனவரி முதல் மார்ச் வரையான வெயில் நாள்களுக்கு ஒதுக்குவது நல்லது. ஜனவரியில் உறைபனிக் காலையில் தூரிகை கழுவ வெந்நீர் வைத்துக்கொள்ளுங்கள். விரல் விறைத்த பிள்ளை எதையும் வரையாது.

மழை நாளில் நீர்வண்ணம் தொட்டே ஆக வேண்டும் என்றால் மெழுகுத் தடுப்பு முறையைப் பயன்படுத்தலாம். மெழுகுக்குச்சியால் அழுத்தி வரைந்து, அதன்மேல் மிக நீர்த்த நீலத்தையோ சாம்பல் நிறத்தையோ ஒரே இழுப்பில் பூசினால், மெழுகு நீரை ஏற்காமல் கோடுகள் மேலெழும்பும். வெள்ளை மெழுகுவர்த்தியால் மழைத்தாரைகளை வரைந்து மேலே வண்ணம் பூசும்போது, கண்ணுக்குத் தெரியாமல் இருந்த மழை தாளில் தோன்றுவதைப் பிள்ளைகள் அலுக்காமல் ரசிப்பார்கள்.

கருவிக்கேற்ற தாள் முக்கியம். அரசு தரும் விலையில்லாப் பொருள்களில் ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு மெழுகுக்குச்சியும் மூன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை வண்ணப் பென்சிலும் வருகின்றன. வண்ணப் பென்சிலைக் கையில் கொடுத்து முழுச் சார்ட் தாளை நிரப்பச் சொல்வது தண்டனை. பென்சிலுக்குக் கால் தாள் போதும். மெழுகுக்குச்சிக்குத்தான் பெரிய தாள். சாதாரண நகல் தாள் 80 ஜி.எஸ்.எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்), தண்ணீர் பட்டால் அலையடித்துச் சுருங்கும். தூரிகை வேலைக்கு 200 ஜி.எஸ்.எம்மும் அதற்கு மேலும் வேண்டும். வண்ணப் பெட்டியோடு இலவசமாக வரும் மெலிந்த தூரிகையைத் தூக்கிப் போட்டுவிட்டு, எட்டாம் அல்லது பத்தாம் எண் தூரிகை வாங்குங்கள். நான்கு பிள்ளைகளுக்கு இரண்டு இருந்தால் சமாளிக்கலாம்.

தண்ணீர் வைக்க நெகிழிப் புட்டியை வெட்டிக்கொள்ளுங்கள் என்று சென்னை நண்பர் யோசனை சொல்லியிருக்கிறார். நீலகிரியில் அந்தப் புட்டிக்கே தடை. கொட்டாங்கச்சி இருக்கிறது. (ஆக, தென்னைக்கு இங்கும் ஒரு வேலை உண்டு.)

6 ஆகஸ்ட் 2024

கொடைக்கானல் ஆசிரியை ஒருவர் எழுதுகிறார்: தூண் பாறையை வரையச் சொன்னபோதும் சில பிள்ளைகள் அதன் உச்சியைக் கூராக்கி முக்கோணமாக்கிவிட்டார்களாம். பழனி மலைத்தொடரும் நீலகிரியும் பெரும்பாலும் உருண்டு திரண்ட மேடுகளும் சோலைகளும் புல்வெளிகளுமாக இருக்கும் நிலம். கூர்முனை மலை இங்கே அரிது.

முக்கோணத்துக்கு நான் கண்ட சிறந்த மருந்து பென்சிலையே எடுத்துவிடுவது. பழைய நோட்டு அட்டைகளையும் செய்தித்தாளையும் நீலம், பச்சை எனச் சாயமேற்றிக் கொடுத்து, கையாலேயே கிழிக்கச் சொல்லுங்கள். கத்தரிக்கோல் வேண்டாம். கிழித்த ஓரம் ஒருபோதும் நேர்கோடாகாது. அது தானாகவே மலையின் முதுகாகிவிடும். பிறகு கிழிசல்களை அடுக்க வேண்டும். தொலைவில் இருப்பது வெளிர் நீலம், அருகில் வர வர அடர்பச்சை. காலையில் பள்ளி வாசலில் நின்று எத்தனை மலை வரிசைகள் தெரிகின்றன, எது மிக வெளிறியிருக்கிறது என்று எண்ணச் சொல்லிவிட்டு இதைத் தொடங்கினால் விளக்கமே தேவைப்படாது. இடையிலுள்ள காற்று நீல ஒளியை அதிகமாகச் சிதறடிப்பதால்தான் தொலைமலை நீலமாகத் தெரிகிறது என்பதை ஐந்தாம் வகுப்புக்கு அறிவியல் பாடத்தோடு சேர்த்துச் சொல்லலாம். மூன்றாம் வகுப்புக்கு வேண்டாம், எண்ணினாலே போதும்.

2 செப்டம்பர் 2024

வண்ணம் வாங்கப் பணமில்லை என்ற பள்ளிகளுக்காக.

சாலை வெட்டிய மண்சுவரில் சிவப்பு, மஞ்சள், வெளுத்த மண் ஆகியவை கிடைக்கும். மண்ணைத் தண்ணீரில் கரைத்து, மணல் அடியில் தங்கியதும் மேல்கலங்கலை வேறு பாத்திரத்தில் ஊற்றித் தெளிய விட்டால் மாவுபோன்ற வண்டல் மிஞ்சும். அதைக் கருவேலம் பிசின் கரைத்த நீரில் குழைக்க வேண்டும். பிசின் குறைந்தால் காய்ந்த பின் கையில் ஒட்டும், மிகுந்தால் வெடிக்கும். மஞ்சள் மண்ணை இரும்புச் சட்டியில் வறுத்தால் சிவப்பேறும். நீர் சேர்ந்த இரும்பு ஆக்சைடு அந்த நீரை இழப்பதே காரணம். வறுப்பது ஆசிரியரின் வேலை.

தேயிலை மண்ணில் இருந்துகொண்டு கறுப்பு மை வாங்கத் தேவையில்லை. துருப்பிடித்த ஆணிகளைச் சில நாள் வினிகரில் ஊறவைத்து, கெட்டியான தேயிலைச் சாற்றில் அந்த நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டால் பழுப்பு கண்ணெதிரே கருஞ்சாம்பலாக மாறும். மஞ்சள் தூளும் பீட்ரூட்டும் அழகாகத் தொடங்கி வெயிலில் வெளிறிவிடும். மண்ணும் கரியும் நிற்கும். பூச்சாறு எடுக்கப் பிள்ளைகளை அனுப்பும்போது ஓர் எச்சரிக்கை: வீட்டு வேலிகளிலும் சாலையோரங்களிலும் கீழ்நோக்கித் தொங்கும் பெரிய நீளப் பூ ஊமத்தையின் உறவு, முழுச்செடியும் நஞ்சு. அதைத் தொட வேண்டாம்.

இதில் நம்மைவிடப் பல படி முன்னே நிற்பவர்கள் நீலகிரிப் பழங்குடியினரான ஆலு குறும்பர்கள். கோத்தகிரி அருகே வெள்ளரிக்கொம்பையில் வேங்கை மரப் பிசின், இலைச்சாறு, மரப்பட்டைக் கரி ஆகியவற்றைக்கொண்டு வரையும் மரபு இருக்கிறது. தேன் எடுக்கும் காட்சியைப் பாருங்கள்: பாறைமுகடு தாளின் மேலிருந்து கீழே இறங்க, அதில் கொடியேணி தொங்க, மனிதர்கள் அதன்மேல் ஏறி நிற்கிறார்கள். மலையை வெளியே நின்று பார்த்தால் முக்கோணம் தோன்றலாம். அதில் தொங்குகிறவருக்கு மலை ஒரு சுவர். இந்தப் படங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கீழ்க்கோத்தகிரிப் பக்கத்துக் கரிக்கையூர்ப் பாறை ஓவியங்களைப் பற்றியும் சொல்லுங்கள். ஆனால் அங்கே வகுப்பைக் கூட்டிச் செல்லும் திட்டம் வேண்டாம். காட்டுவழி, வனத்துறை அனுமதி ஆகியவை ஒருபுறமிருக்க, வந்து போனவர்களின் கிறுக்கலால் அவை முன்பே சேதமடைந்திருக்கின்றன.

5 செப்டம்பர் 2024

மேலே எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். குறும்பர் படத்தைக் காட்டுவது வேறு, ‘குறும்பர் பாணியில் வரை’ என்று தலைப்புக் கொடுப்பது வேறு. இரண்டாவது செயல், முக்கோணத்தை எடுத்துவிட்டுக் குச்சி மனிதனை இன்னொரு அச்சாக வைப்பதுதான். நீலகிரியின் இன்னொரு பழங்குடியினரான தோடரின் பூத்தையலுக்கும் இது பொருந்தும். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தத் தையல், வெள்ளைத் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால், முன்வரைவு எதுவுமின்றித் துணியின் இழைகளை எண்ணியே செய்யப்படுகிறது. பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டியது அந்த எண்ணுதலை. கணக்கு நோட்டின் கட்டங்களில் சிவப்பு, கறுப்புப் பென்சில்களை மட்டும் வைத்துக்கொண்டு, மூன்று விட்டு இரண்டு நிரப்பு என்று தாங்களே விதி அமைத்துக் கோலமொன்றை வளர்க்கட்டும். தோடர் மாதிரிகளைப் படியெடுக்க வேண்டாம். வகுப்பில் தோடர் பிள்ளை இருந்தால் அதன் பாட்டியை அழைத்துவந்து பார்க்கலாம்.

18 அக்டோபர் 2024

அரசுப் பள்ளிகளின் கலைத் திருவிழாப் போட்டிகள் 2024-25 கல்வியாண்டில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புகளுக்கும் நீண்டிருப்பதால் போட்டிக்குப் பயிற்சி தருவது பற்றி நிறைய கேள்விகள். நடுவராக அமர்ந்திருக்கிறேன் என்பதால் வெளிப்படையாகவே சொல்கிறேன்: ஓரம் தாண்டாமல் நிறம் தீட்டிய படத்துக்குப் பரிசு கொடுத்துவிடும் ஆசை நடுவர்களுக்கு உண்டு. மேசையைச் சுற்றி நடக்கும்போது சுத்தமான படம்தான் முதலில் கண்ணில் படும். வீட்டில் பெரியவர்கள் பயிற்றுவித்த படமும் அதுவே. இதனால் முக்கோண மலைக்கு மாவட்ட அளவில் மேடை கிடைத்துவிடுகிறது.

பள்ளி அளவிலாவது தலைப்பைப் போட்டி தொடங்கும்போது மட்டுமே சொல்லும் வழக்கத்தைக் கொண்டு வாருங்கள். ‘இயற்கை’ வேண்டாம், ‘மழை நாளில் எங்கள் சமையலறை’ இருக்கட்டும். படத்தைப் பார்க்கும்போது பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டு விடையைக் குறித்துக்கொள்ளுங்கள். தான் பார்த்ததை வரைந்த பிள்ளை நிறுத்தாமல் பேசும். பயிற்சி பெற்ற பிள்ளை பெரும்பாலும் ‘மலை, சூரியன்’ என்று முடித்துவிடும். நேர்மாறாக, கூச்சத்தால் வாயே திறக்காத அருமையான பிள்ளைகளும் உண்டு. ஆகவே பேச்சுக்கு மதிப்பெண் இல்லை, பார்வைக்கு மட்டுமே.

4 நவம்பர் 2024

சுவரில் ஒட்டிய படங்கள் பூஞ்சை பிடித்துவிட்டன என்று கேட்டவருக்கு: மைதாப் பசையைக் கைவிடுங்கள். பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலந்தால் பூச்சியும் பூஞ்சையும் வராது என்று புத்தகம் கட்டுபவர்கள் சொல்வது சரிதான். அது நஞ்சு, பிள்ளைகள் புழங்கும் இடத்துக்கு ஆகாது. சுவரிலிருந்து சற்றுத் தள்ளிக் கயிறு கட்டி, துணிக் கவ்விகளால் எல்லாப் பிள்ளைகளின் படங்களையும் தொங்கவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை முடியும்வரை சன்னல் பக்கம் வேண்டாம். பெயர், வகுப்பு, தேதி, பிள்ளை சொன்ன ஒரு வரி ஆகியவற்றைப் பின்புறம் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் ஊறி முன்பக்கம் வந்துவிடும்.